‘தேர் வில் பி பிளட்’: இந்த ஆள் எங்கேதான் விழுந்தான்?

அஞ்சுரோடு:

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு மாடியில் நாலு பேர் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். படம் 2 மணி 38 நிமிடம். முடிந்த பிறகு நடந்த சண்டை அதைவிட நீளம். நடுவில் தட்டுவடை செட் வாங்கக் கீழே போனவர் திரும்பி வந்தபோதும் சண்டை விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தீராது என்று தெரிந்ததால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

2007ல் வந்த படம், அதனால் முடிவையும் சேர்த்தே பேசுவோம். பால் தாமஸ் ஆண்டர்சன் இயக்கம், டேனியல் டே-லூயிஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த வேடம். டேனியல் பிளெய்ன்வியூ என்று ஒருவன். 1898ல் ஒற்றை ஆளாக ஒரு குழிக்குள் இறங்கி வெள்ளி தேடுகிறான். அப்புறம் எண்ணெய். கூலியாள் ஒருவன் கிணற்றுக்குள் செத்துப்போக, அவனுடைய கைக்குழந்தையை எடுத்துத் தன் மகன் என்று வளர்க்கிறான். 1911ல் கலிஃபோர்னியாவில் லிட்டில் பாஸ்டன் என்ற பொட்டல் காட்டுக்குப் போய் ஊரையே வளைக்கிறான். அங்கே ஈலை என்று ஒரு இளம் பாதிரி. அவனுக்கும் இவனுக்கும் கடைசிவரை ஆகாது. 1927ல் டேனியல் பெரிய மாளிகையில் குடித்துவிட்டுக் கிடக்கிறான்.

எல்லா இடத்திலும் இதை ‘ஒரு பேராசைக்காரனின் எழுச்சியும் வீழ்ச்சியும்’ என்றே எழுதுகிறார்கள். எழுச்சி புரிகிறது. வீழ்ச்சி எங்கே? கம்பெனி திவாலாகவில்லை. சொத்து போகவில்லை. ஜெயிலுக்குப் போனதாகவும் காட்டவில்லை. நினைத்த எல்லாவற்றையும் அடைந்த ஒருவனைப் போய் விழுந்தான் என்பது, நம் மனசு ஆறுவதற்காக நாமே சொல்லிக்கொள்வது என்பது என் கட்சி.

பழையபடப்பெட்டி:

தம்பி, கடைசிக் காட்சியில் ஒரு மனுஷனைப் பந்து விளையாடுகிற கட்டையாலேயே அடித்துக் கொல்கிறான். கூப்பிட்ட குரலுக்கு வர ஒரு வேலைக்காரன் மட்டும்தான் மிச்சம். இதற்கு மேல் என்ன விழ வேண்டும்?

ஆனால் உன் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாம் சேலத்துக்காரர்கள், விழுவதென்றால் நிஜமாகவே விழ வேண்டும். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’ (1950) ஞாபகம் இருக்கிறதா? குண்டலகேசிக் கதையை எடுத்துக் கலைஞர் எழுதியது. ராஜகுருவின் மகன் பார்த்திபன், எஸ்.ஏ. நடராஜன். அவனுக்கும் பதவி ஆசைதான். கிடைக்காத ஆத்திரத்தில் கொள்ளைக்காரன் ஆகிறான். கட்டிய மனைவியைப் பாட்டுப் பாடியே மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறான், தள்ளிவிட. அவள் விஷயம் தெரிந்ததும், சாகுமுன் உங்களை மூன்று முறை சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன் என்கிறாள். சுற்றி வருகிறவள் அவன் முதுகுக்குப் பின்னால் வரும்போது ஒரே தள்ளு.

சின்ன வயசில் டெண்ட் கொட்டகையில் அந்த இடத்துக்கு எழுந்த விசில் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உனக்கு வேண்டியது அந்தத் தள்ளு. ஆண்டர்சன் அதைத் தரவில்லை.

அஞ்சுரோடு:

அண்ணா, அதைத்தான் நானும் சொல்கிறேன். தள்ளவே இல்லையென்றால் விழுந்தான் என்று எப்படிச் சொல்வது? ஈலைதானே சாகிறான், இவன் இல்லையே.

கொலுசுப்பட்டறை:

இருவரும் கடைசிக் காட்சியையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். முதல் கால் மணி நேரத்தைப் பாருங்கள். பேச்சே கிடையாது. மூச்சும் உளி படுகிற சத்தமும்தான். எங்கள் பட்டறையில் காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும், அதனால் எனக்கு அந்த நிசப்தம் அந்நியமாகத் தெரியவில்லை.

ஏணிப்படி உடைந்து அவன் தடாலென்று குழிக்குள் விழுகிறான், கால் முறிகிறது. ஆக, படம் ஆரம்பிப்பதே ஒரு விழுதலில்தான். வலியில் முனகிக்கொண்டே கையில் சிக்கிய கல்லைத் தேய்த்துப் பார்க்கிறான், வெள்ளி மின்னுகிறது. அப்புறம் அந்த முறிந்த காலோடு மல்லாந்தபடியே மண்ணில் தன்னை இழுத்துக்கொண்டு போகிறான். அடுத்து வருவது என் உயிரைப் பிடித்த ஷாட். டச் பார்க்கிற, அதாவது வெள்ளியின் தரம் சோதிக்கிற ஆபீஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் கல்லைச் சோதிக்கிறார்கள். இவன் தரையில் நீட்டிப் படுத்திருக்கிறான், காலில் கட்டை வைத்துக் கட்டியிருக்கிறது. படுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறான்.

செவ்வாய்ப்பேட்டையில் டச் பார்க்கிற கடை வாசலில் நின்றவர்களுக்கு அந்த முகம் தெரியும். கட்டியை உள்ளே கொடுத்துவிட்டு, எவ்வளவு நிற்கும் என்று அவர் வாய் திறக்கும்வரை மனுஷன் கால்வலி, வயிற்றுவலி, கடன் எதுவும் நினைக்க மாட்டான். என் அப்பா 103 டிகிரி காய்ச்சலோடு போய் நின்றிருக்கிறார்.

இப்போது கடைசிக்கு வாருங்கள். 1927, மாளிகைக்குள்ளேயே பந்து உருட்டுகிற தளம். ஈலை வரும்போது இவன் எங்கே படுத்திருக்கிறான்? தரையில். கொலையை முடித்துவிட்டு எங்கே உட்கார்ந்திருக்கிறான்? அதே தரையில். நடுவில் இருந்த இருபத்தொன்பது வருஷமும் அந்த நொண்டல் நடை அவனை விடவில்லை. அவன் விழுந்தது 1898ல். எழுந்திருக்கவே இல்லை என்பது என் கணக்கு.

மேச்சேரிபஸ்:

எந்த ஓடிடியில் இருக்கிறது? தமிழ் டப்பிங் உண்டா?

அஞ்சுரோடு:

எங்களிடம் இருந்தது பழைய டிவிடி. டப்பிங் இல்லை, சப்டைட்டில்தான்.

கொலுசுப்பட்டறை சொன்ன தரை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது டைரக்டரின் அழகு. அந்த ஆளின் வீழ்ச்சி ஆகாது.

ஏற்காட்டுமிளகு:

நான் நாகலூர்ப் பக்கம். காபியும் ஊடுபயிராக மிளகும் வைத்திருக்கிறோம். படத்தை இரண்டு முறை பார்த்தேன். உங்கள் விவாதத்தில் ஒருவர்கூட காடையைப் பற்றிப் பேசவில்லை என்பது ஆச்சரியம்.

ஈலையின் சகோதரன் பால் வந்து 500 டாலர் வாங்கிக்கொண்டு தன் வீட்டு நிலத்தில் எண்ணெய் கசிகிற சேதியை விற்றுவிட்டுப் போகிறான். டேனியல் மகனைக் கூட்டிக்கொண்டு, காடை வேட்டைக்கு வந்தோம் என்று பொய் சொல்லி அங்கேயே கூடாரம் அடிக்கிறான். பிறகு பையனிடம் சொல்வான்: இவர்களுக்கு எண்ணெய் விலை கொடுக்கப்போவதில்லை, காடை விலைதான். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எங்கள் தாத்தா ஒரு ஏக்கர் சொச்சம் விற்றார். வாங்க வந்தவர் கீழே இருந்து வந்த மரியாதையான மனுஷர். ஒவ்வொரு தடவையும் பிஸ்கட் பாக்கெட் வாங்கிவருவார். பாறை நிலம், காபி வராது, நாலு மாடு மேய்க்கலாம் என்று அவரே சொல்லிச்சொல்லித் தாத்தாவையும் நம்ப வைத்தார். மாடு மேய்க்கிற நிலத்தின் விலைதான் கிடைத்தது. இப்போது அந்தப் பாறை மேல் கண்ணாடி அறைகள். ஜன்னலைத் திறந்தால் சேலம் முழுக்க விளக்காகத் தெரியும் என்று விளம்பரம். பாறையை விலை பேசவே இல்லை, அந்தக் காட்சியைத்தான் அவர் விலை பேசியிருக்கிறார். எங்களுக்குத்தான் புரியவில்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் சௌக்கியமாக இருக்கிறார் என்பதை மட்டும் எழுதுகிறேன். அதனால் அஞ்சுரோடு கேட்கிற கேள்வி எனக்குப் புரிகிறது. பார்க்கிற எங்களுக்கு விழுதல் வேண்டியிருக்கிறது, நிலத்தை வாங்கியவனுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்று. இவ்வளவு நீளப் படத்தில் பெண்கள் எங்கே? மேரி என்ற சின்னப்பெண் ஒருத்தி, அவளுக்கும் நாலு வரிதான். டேனியலுக்கு மனைவி இருந்தாளா, அம்மா எப்படி, ஒன்றும் கிடையாது. வீட்டில் பெண் இல்லாத கதையை எழுதிவிட்டு, ஐயோ தனியாகிவிட்டான் என்றால் எப்படி?

பழையபடப்பெட்டி:

அம்மா எழுதியது அருமை. அந்தக் காடை வசனத்தை நான் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன், இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

பெண்கள் இல்லாததற்கு ஒரு பின்கதை இருக்கிறது. அப்டன் சின்க்ளேர் 1927ல் எழுதிய ‘ஆயில்!’ நாவலின் முன்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆண்டர்சன் விட்டுவிட்டார். நாவலின் நாயகன் அப்பா இல்லை, மகன். தொழிலாளர் போராட்டம், அரசியல், காதல் எல்லாம் அதில் வரும். படத்தில் எல்லாவற்றையும் உரித்துவிட்டு அப்பனை மட்டும் நிறுத்தினார்கள்.

அந்த அப்பனுக்கு அச்சாக இருந்தவர் எட்வர்ட் டோஹனி என்ற நிஜ எண்ணெய் முதலாளி. அவரும் நியூ மெக்ஸிகோவில் வெள்ளி தேடி அலைந்துவிட்டு எண்ணெய்க்கு வந்தவர்தான். கடைசிக் காட்சி எடுத்த இடமும் டோஹனி குடும்பம் பெவர்லி ஹில்ஸில் கட்டிய கிரேஸ்டோன் மாளிகை. தரையில் உட்கார்ந்திருக்கிறான் என்றாரே பட்டறைக்காரர், அது அந்த எண்ணெய்க் காசில் கட்டிய மாளிகையின் தரை.

அப்புறம் சர்ச் காட்சியை யாரும் தொடவில்லையே? குழாய் போடுவதற்கு ஒரு கிழவரின் நிலம் வேண்டும். நீ ஞானஸ்நானம் எடுத்தால் தருகிறேன் என்கிறார் கிழவர். ஈலை இவனை ஊருக்கு முன்னால் முட்டி போட வைத்து, பிள்ளையைக் கைவிட்டேன் என்று கத்தச் சொல்கிறான். முதலில் வேண்டாவெறுப்பாகச் சொல்கிறவன், மூன்றாவது தடவை கத்தும்போது குரல் கிழிகிறது. அது நடிப்பு இல்லை. விழுந்தது அங்கேதான்.

கொலுசுப்பட்டறை:

அண்ணா, ஈலை கையால் கன்னத்தில் அறை வாங்கி, தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அவன் வாய்க்குள் முணுமுணுப்பதைக் கவனித்தீர்களா? குழாயைப் பற்றித்தான். அழுகையும் நிஜம், கணக்கும் நிஜம். வியாபாரிக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வரும்.

அஞ்சுரோடு:

மாடர்ன் தியேட்டர்ஸ் பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். டி.ஆர். சுந்தரம் கதையை இப்படி எடுக்கலாம் இல்லையா? லீட்ஸ் போய் ஜவுளி படித்துவிட்டு வந்தவர், சேலத்தில் ஸ்டூடியோ கட்டி, முதல் மலையாளப் பேசும் படம் ‘பாலன்’ (1938), தமிழின் முதல் வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) எல்லாம் கொடுத்தவர். இன்று ஏற்காடு ரோட்டில் ஸ்டூடியோவின் வாசல் வளைவு மட்டும் நிற்கிறது. இதுவல்லவா எழுச்சியும் வீழ்ச்சியும்.

பழையபடப்பெட்டி:

கூடாது. முதலாளி 1963ல் போனார், அப்புறம் காலம் மாறி ஸ்டூடியோவும் போனது. நிறுவனம் மூடியது வேறு, மனுஷன் கெட்டது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

ரிக்வண்டி:

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சினிமா அவ்வளவாகத் தெரியாது. சொந்த ஊர் திருச்செங்கோடு பக்கம், இப்போது அம்மாபேட்டையில் இருக்கிறேன். பதினெட்டு வருஷம் போர் வண்டியில் ஓடினேன். ஆந்திரா, கர்நாடகா, ராஜஸ்தான் வரைக்கும். இந்தப் படத்தை மருமகன் போட்டுக் காட்டினான், உங்க தொழில் மாமா, பாருங்க என்று.

எங்கள் தொழில்தான். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர். ரிக் லாரி ஒன்று, ராடும் சாமானும் ஏற்றின லாரி ஒன்று. ஒரு ராடு இருபது அடி. முதலில் புகையாக மண் வரும், அப்புறம் ஈரம், அப்புறம் சேறு, அதிர்ஷ்டம் இருந்தால் தண்ணீர் பீய்ச்சும். அடிக் கணக்கில் காசு. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் எங்களுக்கு அடிக்காசு உண்டு. எண்ணெய்க்காரன் அப்படி இல்லை, வந்தால்தான் அவனுக்குக் காசு. அந்த ஒரு வித்தியாசம் தவிர அந்தக் கோபுரம், சேறு, கம்பி வழுக்குகிற பயம், எல்லாம் ஒன்றே.

கேஸ் வெடிக்கிற காட்சிக்கு வருகிறேன். பையன் கோபுரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறான். பூமிக்குள்ளிருந்து கேஸ் அடித்து அவனைத் தூக்கி எறிகிறது. அப்பன் ஓடிப்போய் வாரி எடுத்துக்கொண்டு வருகிறான், அதில் குறை இல்லை. கொட்டகையில் படுக்க வைக்கிறான். பையனுக்குக் காது போய்விட்டது, போகாதே என்று சட்டையைப் பிடிக்கிறான். இவன் விடுவித்துக்கொண்டு கிணற்றுக்கு ஓடுகிறான். ராத்திரி முழுக்கத் தீ எரிகிறது. கூட்டாளி கேட்கிறான், பையன் நன்றாக இருக்கிறானா என்று. இல்லை என்கிறான். சொல்லிவிட்டுத் தீயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

என் முதல் முதலாளியிடம் நான் சேர்ந்தபோது ஒரே வண்டி. நான் விடும்போது ஒன்பது. நல்ல மனுஷர், எங்களோடு உட்கார்ந்து அதே சோற்றைத் தின்பார். ஆந்திராவில் ஒரு ஊரில் எழுநூறு அடி தாண்டியிருந்தோம். ராடு மாற்றும்போது நழுவி எங்கள் கூட்டாளிப் பையன் கை மேல் விழுந்தது. அவனுக்கு அப்போது பதினேழோ பதினெட்டோ. அதே நேரத்தில் உள்ளே பாறையை உடைக்கிற ஹேமர் சிக்கிக்கொண்டது. ஹேமர் உள்ளே போய்விட்டால் லட்சக்கணக்கில் நஷ்டம்.

முதலாளி ஓடிவந்தார். முதலில் எங்கே பார்த்தார் என்றால், குழியை. ஒரு நொடிதான் இருக்கும். அப்புறம் பையனைத் தூக்கிக்கொண்டு அவரே ஜீப்பை ஓட்டினார். செலவு முழுக்க அவர்தான் பார்த்தார், பிற்பாடு அவன் தங்கை கல்யாணத்துக்கும் கொடுத்தார். ஆனால் அந்த ஒரு நொடியை அவனும் பார்த்துவிட்டான், நானும் பார்த்துவிட்டேன். நாங்கள் பார்த்தது அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. தனியாக டிபன் கேரியர் வந்தது.

இப்போது லிஃப்ட் வைத்த வீடு. சொத்துக்குக் குறைவில்லை. பொங்கலுக்குப் போனால் பார்ப்பார். ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வி: உங்கள் பக்கம் எத்தனை அடியில் தண்ணீர்? சொன்னால் தலையாட்டுவார். அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. இவர் விழுந்தாரா இல்லையா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏற்காட்டுமிளகு:

அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறார்?

ரிக்வண்டி:

சொந்தமாக ஒரு வண்டி வைத்திருக்கிறான். ஒன்றரைக் கைதான், ஆனால் ஆள் கெட்டி. முதலாளி அதற்குப் பிறகு அவனோடு பேசுவதில்லை. படத்திலும் மகன் தனியாகத் தொழில் பண்ணப்போகிறேன், மெக்ஸிகோ போகிறேன் என்றதும் அப்பன் என்ன பேச்சுப் பேசுகிறான் பாருங்கள். நீ என் ரத்தமே இல்லை என்று.

அஞ்சுரோடு:

சார், இரண்டு தடவை படித்தேன். என் கட்சியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன், முழுக்க விடவில்லை. சொத்து போகவில்லை என்பதில் இன்னும் நிற்கிறேன். ஆனால் ‘குழியைப் பார்த்தார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்துக்காக வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடுகிறோம். முடிந்தால் வாருங்கள். கிணறு எரிகிற காட்சியைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், ஜானி கிரீன்வுட் இசை அங்கே பின்னிவிட்டார்.

ரிக்வண்டி:

அதைத்தான் கேட்க நினைத்தேன். எல்லோரும் இந்தப் படத்தின் இசையைப் பாராட்டுகிறார்கள் என்று மருமகன் சொன்னான். கம்ப்ரசர் பக்கத்திலேயே பதினெட்டு வருஷம் நின்றதில் எனக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது, இடதில் கொஞ்சம். படத்தை எழுத்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அந்தத் தீக் காட்சியில் இசை எப்படி இருக்கும்?

கொலுசுப்பட்டறை:

பாட்டு மாதிரி இருக்காது அண்ணா. கொட்டுதான். ஒரு தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்து ஏறும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. எங்கள் பட்டறையில் நாலு பேர் நாலு சுத்தியலில் தட்டினால் வருமே, அது மாதிரி.

ரிக்வண்டி:

அப்படியானால் சரி. டிவி வைத்த மேஜை மேல் கை வைத்திருந்தேன், கையில் அடித்தது. வண்டிதான் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு?